ஏற்றத்தில் இழுக்காத டீசல் லாரி: விளக்கிலிருந்து ஹோஸ் வரை

வண்டி 14 அடி குளிர்பெட்டி லாரி. 3.0 லிட்டர், நான்கு சிலிண்டர், காமன் ரெயில் டீசல் எஞ்சின், வேரியபிள் டர்போ (காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளுவது), டிபிஎஃப் (புகையிலுள்ள கரியைப் பிடிக்கும் வடிகட்டி) பொருத்தியது, யூரோ 5, 24 வோல்ட். விடியற்காலையில் சிங்கப்பூரின் பாசிர் பாஞ்சாங் மொத்தவிற்பனை நிலையத்தில் காய்கறி ஏற்றி, வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) பேட்டைக் கடைகளிலும் உணவங்காடி நிலையங்களிலும் இறக்குவதுதான் அதன் அன்றாட வேலை. ஓடுவதைவிட நிற்கும் நேரம் அதிகம்.

புகார் இதுதான்: லாரியே மேல்மாடிவரை ஏறும் தொழிற்கட்டடங்களின் சுற்றுப்பாதையில் சுமையோடு ஏறும்போது இழுவை சட்டென்று விழுகிறது. எவ்வளவு மிதித்தாலும் எஞ்சின் நிமிடத்துக்கு 2,000 சுற்றைத் தாண்டுவதில்லை. செக் எஞ்சின் விளக்கு எரிகிறது, டிபிஎஃப் விளக்கு மினுக்குகிறது. எஞ்சினை அணைத்து மறுபடி ஸ்டார்ட் செய்தால் கொஞ்ச நேரம் ஒழுங்காக ஓடிவிட்டு, அடுத்த ஏற்றத்தில் அதே கதை.

அணைத்துப் போட்டால் சரியாகிறது என்பதே ஒரு தடயம். எந்திரத்தில் ஏதோ உடைந்து நிரந்தரமாகப் பலம் போயிருந்தால் ஸ்டார்ட் செய்ததுமே தெரியும். இங்கே ஈசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) ஒரு தவறான அளவைப் பார்த்து, டர்போவையும் எஞ்சினையும் காப்பாற்றத் தானே டீசலைக் குறைக்கிறது. இதுதான் லிம்ப் மோட். பல வண்டிகளில் சாவியைத் திருப்பி அணைக்கும்வரை அந்தக் கட்டுப்பாடு நீங்காது. ஆக, தேட வேண்டியது சுமை ஏறும்போது மட்டும் வெளிப்படும் குறை.

கோளாற்றுக் குறியீட்டை அழிப்பதற்கு முன்னால்

ஸ்கேனரை மாட்டியவுடன் கோடுகளை (ஈசியூ பதிந்துவைக்கும் கோளாற்றுக் குறியீடுகளை) அழித்துவிட்டு 'மறுபடி வருகிறதா பார்ப்போம்' என்பது பட்டறைகளில் பரவலான பழக்கம். அழிக்கும்போது கோடோடு ஃப்ரீஸ் ஃப்ரேமும் போய்விடும். கோடு விழுந்த அந்த நொடியில் எஞ்சின் எத்தனை சுற்றில், எவ்வளவு சுமையில், எந்த வெப்பத்தில் இருந்தது என்பது அதில்தான் பதிவாகியிருக்கிறது. முதலில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்த லாரியில் மூன்று கோடுகள் இருந்தன. பி0299 டர்போ அழுத்தம் குறைவு. பி2463 டிபிஎஃப்பில் கரி மிகுதி. பி0401 இஜிஆர் (புகையில் ஒரு பகுதியை எஞ்சினுக்கே திருப்பிவிடும் அமைப்பு) ஓட்டம் போதாது. இது மட்டும் பழைய கோடாகப் பதிவாகியிருந்தது.

மூன்றையும் தனித்தனி நோயாக எடுத்துக்கொண்டால் டர்போ, டிபிஎஃப், இஜிஆர் வால்வு என்று மூன்று விலையுயர்ந்த பாகங்கள் மாறும், வண்டி திரும்பவும் அதே குறையோடு வரும். டிபிஎஃப் தானாகக் கெட்டுப்போவது அரிது. முன்னால் எங்கோ கரி அளவுக்கு மீறி உண்டாகிறது, அதைப் பிடித்துவைப்பது மட்டுமே டிபிஎஃப்பின் வேலை. காற்று வழியில் தொடங்கி டிபிஎஃப்பில் முடிப்பதே சரியான வரிசை.

பி0299 விழுந்த நொடியின் பதிவு: 2,150 சுற்று, சுமை 94 விழுக்காடு, ஈசியூ கேட்ட மேனிஃபோல்ட் (எஞ்சினுக்குள் காற்று நுழையும் குழாய்) அழுத்தம் 215 கிலோபாஸ்கல், கிடைத்தது 158. இவை முழு அழுத்த அளவுகள், காற்றுமண்டல அழுத்தத்தையும் சேர்த்தவை. சிங்கப்பூர் கடல் மட்டத்தில் இருப்பதால் சுமார் 101-ஐக் கழித்தால் டர்போ கொடுக்க வேண்டியது 114, கொடுத்தது 57. பாதிக்குப் பாதி காணோம்.

கிடைத்த எண்ணை நம்புமுன், அதை அளக்கும் மேப் சென்சாரைச் சோதிக்க வேண்டும். இதற்குக் கருவியே தேவையில்லை. சாவியை ஆன் செய்து, எஞ்சினை ஓட்டாமல் லைவ் டேட்டாவைப் பாருங்கள். இங்கே அது 100 அல்லது 101 கிலோபாஸ்கல் காட்ட வேண்டும், காற்றுமண்டல அழுத்த சென்சாரும் அதே எண்ணைக் காட்ட வேண்டும். 93 என்றோ 110 என்றோ காட்டினால் முதலில் சென்சாரைக் கழற்றி நுனியில் படிந்த கரியைத் துடையுங்கள். இந்த லாரியில் 101. சென்சார் உண்மைதான் சொல்கிறது.

காற்று எங்கே போகிறது

அழுத்தம் குறைவதற்கு வழிகள் சில: ஏர் ஃபில்டர் அடைப்பு, டர்போவின் இறக்கை அசையாமை, அதை நகர்த்தும் ஆக்சுவேட்டர் அல்லது வேக்குவம் ஹோஸ் கோளாறு, டர்போவுக்கும் எஞ்சினுக்கும் இடையில் கசிவு, வெளியேற்றும் வழியில் அடைப்பு. செலவே இல்லாத சோதனைகளை முதலில் செய்துவிட வேண்டும்.

ஏர் ஃபில்டர் சுத்தமாக இருந்தது. வேக்குவத்தில் இயங்கும் ஆக்சுவேட்டர் என்பதால் கைப் பம்பு மாட்டி உறிஞ்சிப் பார்த்ததில் தண்டு எங்கும் தட்டாமல் சீராக நகர்ந்தது. ஒரு நிமிடம் விட்டுப் பார்த்தும் முள் இறங்கவில்லை. டர்போ முன்பக்கக் குழாயைக் கழற்றிச் சுழலியைக் கையால் சுற்றினால் உரசல் இல்லை. பக்கவாட்டில் மிகச் சிறிய ஆட்டம் இயல்பு. முன்னும் பின்னும் ஆடினாலோ, இறக்கை உறையைத் தொட்டாலோ அது டர்போவின் முடிவு. இங்கே அப்படி இல்லை.

மிச்சம் கசிவு. எஞ்சினை நிறுத்தி, ஆறவிட்டு, டர்போ வெளிவாயில் ஹோஸைக் கழற்றி, அங்கே டயர் வால்வு பொருத்திய அடைப்பானை மாட்டினோம். மேனிஃபோல்ட் பக்கம் இன்னொரு அடைப்பான். ரெகுலேட்டரை 0.5 பாரில் தொடங்கி 1 பார்வரை மெதுவாக ஏற்றினோம். அதற்குமேல் ஏற்றுவதில் பயனில்லை, ஆபத்துதான் மிகும்: 1 பாரிலேயே சரியாக இறுக்காத அடைப்பான் கல்லெறி வேகத்தில் பறக்கும். குழாயின் நேர்க்கோட்டில் யாரும் நிற்கக்கூடாது.

0.5 பாரில் ஒன்றுமில்லை. 0.8-ஐத் தாண்டியதும் இன்டர்கூலரின் (டர்போவிலிருந்து வரும் காற்றைக் குளிர்விப்பது) கீழ்ப்பக்க ஹோஸில் சீறல் கேட்டது. சவர்க்கார நீர் தெளித்ததும் நுரை பொங்கியது. கிளாம்ப்புக்கு ஒரு விரற்கடை பின்னால், அடிப்புறத்தில், அருகிலிருந்த பிராக்கெட் உரசி உரசி ஏறக்குறைய 30 மில்லிமீட்டர் நீளத்துக்குக் கீறியிருந்தது. மேலிருந்து டார்ச் அடித்தால் தெரியாத இடம். அழுத்தம் இல்லாதபோது அந்தக் கீறல் மூடிக்கொள்கிறது, அழுத்தம் ஏறினால் வாயைத் திறக்கிறது. ஐடிலில் எல்லாம் ஒழுங்காக ஓடுவதும், சுமையில் மட்டும் பலம் போவதும் இதனால்தான். ஹோஸைக் கையால் முறுக்கிப் பார்த்தால் இப்படிப்பட்ட கீறல் பெரும்பாலும் சிக்கிவிடும். ஹோஸின் அடியில் தூசியைக் குழைத்துக்கொண்ட ஈரமான ஆயில் தடம் இருந்தால் அந்த இடத்தை முதலில் பாருங்கள்.

இந்தச் சின்னக் கீறல் டிபிஎஃப்பை எப்படி நிரப்புகிறது? ஏர் மீட்டர் இருப்பது டர்போவுக்கு முன்னால். அது அளந்த காற்று முழுவதும் சிலிண்டருக்குப் போகிறது என்று நம்பித்தான் ஈசியூ டீசலைத் தெளிக்கிறது. அளந்த காற்றில் ஒரு பகுதி பின்னால் கீறல் வழியே வெளியேறிவிடுகிறது. காற்றுக் குறைவு, டீசல் நிறைவு, முடிவு கரி. டிபிஎஃப் இல்லாத பழைய வண்டி என்றால் பின்னால் கரும்புகை கக்கி ஓட்டுநருக்கே தெரிந்துவிடும். டிபிஎஃப் உள்ள வண்டியில் புகை வெளியே வராது, எல்லாம் உள்ளே சேர்கிறது. புகைக்குழாயின் உட்புறத்தை வெள்ளைத் துணியால் துடைத்தபோது துணி ஏறக்குறைய சுத்தமாகவே இருந்தது. டிபிஎஃப் விரிசல் விடாமல் வேலை செய்கிறது என்பதற்கு அது நல்ல அடையாளம். துணி கருகருவென்று வந்தால் உள்ளே விரிசல் விட்டிருக்கலாம், அல்லது யாரோ உள்ளே இருப்பதை உருவியிருக்கலாம்.

புது ஹோஸ் வாங்கும்போது கவனம் வேண்டும். வெறும் சிலிகான் ஹோஸ் பார்க்கப் பளபளப்பாக இருக்கும், ஆனால் டர்போவிலிருந்து வரும் ஆயில் ஆவி அதில் ஊறி வெளியே கசியும். உட்புறம் ஃப்ளோரோசிலிகான் பூச்சு உள்ளதையோ, தயாரிப்பாளரின் அசல் ஹோஸையோ போடுங்கள். குழாயின் நுனியை பிரேக் கிளீனரால் துடைத்து ஆயில் பிசுக்கு இல்லாமல் உலர்த்திய பின்னரே ஹோஸை ஏற்ற வேண்டும். பிசுக்கோடு ஏற்றினால் சுமையில் ஹோஸ் கழன்று வரும். உரசிய பிராக்கெட்டை வளைத்து விரல் நுழையும் இடைவெளி விட்டோம். அதைச் செய்யாவிட்டால் புது ஹோஸுக்கும் அதே கதிதான்.

இஜிஆர்: ஒரு சிறு கணக்கு

பி0401 பழைய கோடு என்று விட்டுவிடலாகாது. இஜிஆர் வால்வு முழுதாக மூடுகிறதா என்று கழற்றாமலே கண்டுபிடிக்கலாம். 3.0 லிட்டரை நான்கால் வகுத்தால் ஒரு சிலிண்டருக்கு 0.75 லிட்டர். 30 பாகை செல்சியஸில் ஒரு லிட்டர் காற்றின் எடை சுமார் 1.16 கிராம். ஒரு தடவை உறிஞ்சும்போது சிலிண்டரில் அதிகபட்சம் 870 மில்லிகிராம் அடங்கும், ஐடிலில் அதில் 80 முதல் 85 விழுக்காடு நிறைந்தால் போதும். அதாவது இஜிஆர் முழுதாக மூடிய நிலையில் ஏர் மீட்டர் ஒரு ஸ்ட்ரோக்குக்கு 700 முதல் 740 மில்லிகிராம் காட்ட வேண்டும்.

எஞ்சின் சூடேறியபின் ஸ்கேனரின் ஆக்டிவ் டெஸ்டில் வால்வைத் திறந்தபோது 415, மூடச் சொன்னபோது 548. மூடு என்றால் மூடவில்லை, கரிக்கட்டி இடையில் நின்று திறந்தே வைத்திருக்கிறது. வெளியேறிய புகை ஓயாமல் உள்ளே திரும்புகிறது, அதுவும் கரியைக் கூட்டும். போதிய ஓட்டம் இல்லை என்று முன்பு கோடு விழுந்த வால்வு இப்போது மூடவும் முடியாமல் நிற்பது முரண்போலத் தோன்றலாம். கரி ஏறிய வால்வு திறக்கும்போதும் தடுமாறும், மூடும்போதும் தடுமாறும்.

வால்வைக் கழற்றி கார்புரேட்டர் கிளீனரில் ஊறவைத்து, மரக்குச்சியாலும் நைலான் பிரஷ்ஷாலும் சுரண்டினோம். கம்பி பிரஷ் வால்வு உட்காரும் விளிம்பைக் கீறிவிடும். மோட்டர் பகுதிக்குள் திரவம் இறங்கக்கூடாது. கேஸ்கெட் புதிது. மாட்டியபின் ஸ்கேனரில் வால்வின் மூடிய நிலையை மறுபடி கற்பிக்க வேண்டும், இதைச் செய்யாமல் விட்டால் அடுத்த வாரமே கோடு திரும்பும். இப்போது மூடிய நிலையில் 722.

டிபிஎஃப்பை எரிப்பதற்கு முன்

ஸ்கேனர் கரி அளவு 118 விழுக்காடு என்றது. அந்த எண் பாதி கணக்கீடு என்பதால் டிபிஎஃப்பின் முன்னும் பின்னும் உள்ள அழுத்த வேறுபாட்டோடு சேர்த்துப் படிப்பதே நல்லது. சாவி ஆன், எஞ்சின் நின்ற நிலையில் 0.1 கிலோபாஸ்கல், அதாவது சென்சார் சரி. ஐடிலில் 1.9, சுமையின்றி 2,500 சுற்றில் 9.8. அடைப்பு உண்மைதான். எஞ்சின் நிற்கும்போதே சென்சார் பெரிய எண்ணைக் காட்டினால் டிபிஎஃப்பைத் தொடாமல் சென்சாரையும், அதற்குப் போகும் இரண்டு சிறிய ஹோஸ்களையும் பாருங்கள். அந்த ஹோஸ்கள் வெடித்தோ, உள்ளே நீர் தேங்கியோ தவறான எண்ணைக் கொடுப்பது அடிக்கடி நடக்கிறது.

ரீஜென் (சேர்ந்த கரியை உள்ளேயே எரிப்பது) தொடங்குமுன் எஞ்சின் ஆயில் மட்டத்தைக் காட்டும் டிப்ஸ்டிக்கைப் பார்க்க மறக்கக்கூடாது. இந்த லாரியில் ஆயில் மேல்கோட்டுக்கு 12 மில்லிமீட்டர் மேலே நின்றது, முகர்ந்தால் டீசல் வாடை. வண்டி வழியில் தானே ரீஜென் செய்ய முயலும்போது கூடுதல் டீசலைத் தெளிக்கிறது. பாதியில் ஓட்டுநர் அணைத்துவிட்டால் அது முடிவடையாமல் போகிறது, சிலிண்டர் சுவரில் ஒட்டிய டீசல் ஆயிலில் இறங்குகிறது. இப்படிப் பலமுறை நடந்தால் ஆயில் நீர்த்துப்போய் பேரிங்கையும் டர்போவையும் தின்னும். மட்டம் மிகவும் ஏறினால் எஞ்சின் தன் ஆயிலையே உறிஞ்சி எரித்து, சாவியை அணைத்தாலும் நிற்காமல் ஓடும் அபாயமும் உண்டு. மேல்கோட்டைத் தாண்டிய ஆயிலோடு ரீஜென் தொடங்கவே கூடாது. வடித்துச் சரியான மட்டத்துக்குக் கொண்டுவந்து ரீஜென் முடித்தோம், முடிந்ததும் ஆயிலும் ஃபில்டரும் புதிதாக மாற்றினோம்.

கரி அளவு தயாரிப்பாளர் சொல்லும் உச்சவரம்பைத் தாண்டியிருந்தால் வண்டியில் வைத்து எரிப்பது தவறு. உள்ளே இவ்வளவு கரி ஒரேயடியாகப் பற்றினால் பீங்கான் தேன்கூடு உருகியோ வெடித்தோ போகும். அப்போது கழற்றி, வெளியே சூளையில் சூடாக்கிக் காற்றால் எதிர்த்திசையில் ஊதிச் சுத்தம் செய்ய வேண்டும். ஸ்கேனர் காட்டிய 118 விழுக்காடு ரீஜென் தேவைப்படும் அளவோடு ஒப்பிட்டது, இந்த லாரி உச்சவரம்புக்குள்தான் இருந்தது.

கட்டாய ரீஜெனுக்கு எஞ்சின் சூடேறியிருக்க வேண்டும், டீசல் கால் டாங்குக்கு மேல் வேண்டும், சென்சார் கோடு எதுவும் நிலுவையில் இருக்கக்கூடாது. வண்டி திறந்த வெளியில், கான்கிரீட் தரையில் நிற்கட்டும். பின்னால் அட்டைப்பெட்டி, காய்ந்த இலை, பிளாஸ்டிக் எதுவும் வேண்டாம். டிபிஎஃப்பின் உள்ளே 600 பாகை செல்சியஸ் அளவுக்கு ஏறும், புகைக்குழாய் அருகே கையோ காலோ போகக்கூடாது. தீயணைப்பான் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும். வீவக கார்நிறுத்துமிடத்தில் வைத்து இதைச் செய்ய நினைக்க வேண்டாம். தீ அபாயம் ஒருபுறம். போக்குவரத்துக் காரணமில்லாமல் வண்டியை நிறுத்தி எஞ்சினை ஓடவிடுவது இங்கே குற்றமும்கூட.

நுழைவாயில் வெப்பம் 580-க்கும் 620-க்கும் இடையில் நின்று, 28 நிமிடத்தில் முடிந்தது. கரி அளவு 9 விழுக்காடு. ஐடிலில் 0.5 கிலோபாஸ்கல், 2,500 சுற்றில் 2.8. எரித்தபிறகும் அழுத்தம் இறங்காமல் இருந்தால் உள்ளே இருப்பது கரி அல்ல, சாம்பல். ஆயிலில் உள்ள உலோகச் சேர்மங்கள் எரிந்து மிஞ்சும் அந்தச் சாம்பலை எத்தனை ரீஜெனும் எரிக்காது. இலகுரக டீசல் வண்டிகளுக்கு டிஎல்-1, லாரிகளுக்கு டிஎச்-2 என்ற ஜாசோ (ஜப்பானிய வாகனத் தர அமைப்பு) முத்திரை உள்ள ஆயில்கள் இதற்காகவே வந்தவை. கையேடு எதைச் சொல்கிறதோ அதையே ஊற்றுங்கள். டிபிஎஃப் உள்ள எஞ்சினுக்கு மலிவான பழைய ரக ஆயில் ஊற்றி மிச்சம் பிடித்த பணம் டிபிஎஃப் விலைக்கு முன் ஒன்றுமே இல்லை.

இதே புகார், வேறு காரணம்

பி0087 (ரெயில் அழுத்தம் குறைவு) வந்தால் கதை டீசல் பக்கம். ரெயில் என்பது இன்ஜெக்டர்களுக்கு உயரழுத்த டீசலைப் பகிரும் பொதுக் குழாய். சுமையில் கேட்ட ரெயில் அழுத்தத்துக்கும் கிடைத்ததற்கும் இடையில் 100 பாருக்கு மேல் இடைவெளி விழுந்தால் முதலில் டீசல் ஃபில்டர். மாற்றியும் போகாவிட்டால் ஃபில்டருக்கும் பம்புக்கும் இடையில் ஒளி ஊடுருவும் ஹோஸ் துண்டு போட்டுக் குமிழி வருகிறதா பாருங்கள், வந்தால் உறிஞ்சும் பக்கத்தில் காற்று நுழைகிறது. அடுத்தது இன்ஜெக்டர்களின் திரும்பு டீசலை நான்கு குப்பிகளில் பிடித்து ஒப்பிடுவது. ஒரு குப்பி மட்டும் மற்றவற்றைப்போல் இரண்டு மடங்கு நிறைந்தால் அந்த இன்ஜெக்டர் கசிகிறது. எஞ்சின் ஓடும்போது உயரழுத்தக் குழாயின் நட்டைத் தளர்த்தும் பழைய பழக்கம் காமன் ரெயிலில் உயிருக்கே உலை. 1,500 பாருக்கு மேல் பீய்ச்சும் டீசல் கையுறையையும் தோலையும் துளைத்துச் சதைக்குள் இறங்கும்.

நீர் கலந்த டீசலுக்கான விளக்கு எரிந்தால் வண்டியை ஓட்டிக்கொண்டே போகக்கூடாது. ஃபில்டரின் அடியிலுள்ள திருகைத் தளர்த்தி, கைப் பம்பை அழுத்தி, தெளிந்த டீசல் வரும்வரை வடியுங்கள். இந்த ஊர் ஈரக்காற்றில் பாதி காலியான டாங்கில் நீர் கோர்ப்பது இயல்பு, இரவில் டாங்கை நிரப்பி வைப்பது அதைக் குறைக்கும்.

சுருள் வடிவ க்ளோ விளக்கு ஓடும்போது மினுக்கினால் க்ளோ பிளக்கை மாற்றக் கிளம்ப வேண்டாம். பல வண்டிகளில் அது எஞ்சின் மேலாண்மைக் கோளாற்றின் பொது அறிகுறி. கோடு படித்தபிறகே கழற்றலாம்.

ஒரே நேரத்தில் நான்கைந்து விளக்குகள் எரிந்தால் பேட்டரியையும் எர்த் வயரையும் பாருங்கள். எஞ்சினை அணைத்துவைத்து டெயில் லிஃப்டை ஏற்றி இறக்கும் லாரிகளில் இது சர்வ சாதாரணம். 24 வோல்ட் வண்டியில் ஓய்வில் 25.2, ஓடும்போது 27.6 முதல் 28.8 வோல்ட் வர வேண்டும்.

யூரோ 6 வண்டிகளில் ஆட்புளூ (புகையைச் சுத்தம் செய்யத் தெளிக்கும் யூரியாக் கரைசல்) இன்னொரு காரணம். புதிதாகப் பதிவாகும் டீசல் வண்டிகளுக்கு இங்கே 2018 ஜனவரி 1 முதல் யூரோ 6 கட்டாயம். திரவத்தில் யூரியா 32.5 விழுக்காடு இருக்க வேண்டும், ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரு சொட்டு விட்டால் தெரிந்துவிடும். 30 பாகையில் வைத்தால் ஓராண்டும், 35 பாகையில் ஆறு மாதமும்தான் அதன் தரம் தாங்கும். லாரித் தளத்தில் வெயிலில் கிடந்த கேனை ஊற்றிவிட்டு பி20ஈஈ (கேட்டலிஸ்ட் திறன் குறைவு) கோடுக்காகக் கேட்டலிஸ்டைக் குறை சொல்வது நியாயமில்லை.

கோடே இல்லாமல் 'மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் போகவில்லை' என்ற புகார் வந்தால், மொத்த எடை 3.5 டன்னுக்கு மேல் 12 டன்வரை உள்ள லாரி என்றால், வேகக் கட்டுப்பாட்டுக் கருவி பொருத்தியிருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். அந்தக் கருவி வேகத்தைத்தான் நிறுத்தும். ஏற்றத்தில் 30-இல் போகும்போது பலத்தைக் குறைக்காது.

முடித்தபின் ஓட்டிப் பார்த்தது

ஒருவர் ஓட்ட, இன்னொருவர் ஸ்கேனரில் வரைபடம் பதிய, சுமையோடு மூன்றாம் கியரில் 1,500 சுற்றிலிருந்து 3,000 வரை முழுதாக மிதித்தோம். கேட்டது 215, கிடைத்தது 212 கிலோபாஸ்கல். ரெயில் அழுத்தம் கேட்டதோடு ஒட்டியே சென்றது. அதே சுற்றுப்பாதையில் மேல்மாடிவரை ஏறியும் கோடு எதுவும் விழவில்லை. இதற்குப் பிறகே பழைய கோடுகளை அழித்தோம்.

ஓட்டுநருக்குச் சொன்னது: டிபிஎஃப் விளக்கு மினுக்காமல் நிலையாக எரிந்தால் அன்றைக்கே, போக்குவரத்துக் குறைந்த நேரத்தில், ஆயர் ராஜா விரைவுச்சாலையில் துவாஸ் பக்கம் நிற்காமல் 20 முதல் 25 நிமிடம் ஓட்டுங்கள். 60-ஐத் தாண்ட வேண்டாம். நான்காம் கியரிலேயே வைத்து 2,000 சுற்றுக்கு மேல் பிடித்தால் புகைவழி போதிய அளவு சூடேறும். விளக்கு அணையும்வரை எஞ்சினை நிறுத்தாதீர்கள். மினுக்க ஆரம்பித்துவிட்டால் ஓட்டிச் சரிசெய்யும் கட்டம் தாண்டிவிட்டது, பட்டறைக்குக் கொண்டு வாருங்கள். சிவப்பு விளக்கு எதுவாயினும் ஓரங்கட்டி உடனே நிறுத்துங்கள்.

1,000 கிலோமீட்டர் ஓடியதும் மூன்றைப் பார்க்க வேண்டும்: டிப்ஸ்டிக்கில் மட்டம் ஏறியிருக்கிறதா, ஐடிலில் டிபிஎஃப் அழுத்தம் 1 கிலோபாஸ்கலுக்குள் நிற்கிறதா, ஹோஸ் கிளாம்ப் தளர்ந்திருக்கிறதா. மட்டம் மறுபடி ஏறியிருந்தால் ரீஜென் எங்கோ பாதியில் நிற்கிறது, வெப்ப சென்சார்களிலும் இன்ஜெக்டர்களிலும் அடுத்த தேடலைத் தொடங்க வேண்டும்.